ஆயில் பெயிண்டிங்கில் முகம் வரையக் கற்க, பழைய மாஸ்டர் ஓவியத்தைப் பார்த்து வரைவது உதவுமா?

உதவும். பத்து ஓவியங்களை ஒரு தடவை வரைவதைவிட ஒரே ஓவியத்தை மூன்று தடவை வரைந்து பாருங்கள், இன்னும் அதிகம் பிடிபடும்.

நான் எடுத்துக்கொண்டது டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்'. 1665 வாக்கில் வரைந்தது. நெதர்லாந்தில், ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு வெறும் 44.5 × 39 செ.மீ., அதனால் அசல் அளவிலேயே வரையலாம். கைகள் கிடையாது, வெளிச்சம் இடப்பக்கமிருந்து மட்டும். அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பெரிய படம் இலவசமாகக் கிடைக்கிறது. செல்போனில் பார்த்து வரையாதீர்கள். நல்ல பிரிண்ட் எடுத்து, கேன்வாஸ் வைக்கும் ஈசல் ஸ்டாண்டின் பக்கத்தில் மாட்டுங்கள்.

முதல் தடவை பென்சிலில் மூக்கைக் கோடு போட்டு வரைந்துகொண்டு, அதற்குள் வண்ணம் நிரப்பினேன். அளவெல்லாம் சரியாக இருந்தும் முகம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. இரண்டு நாள் பிரிண்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அசலில் மூக்குத்தண்டுக்கும் அவளுடைய வலது கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கலந்து கிடக்கின்றன. அங்கே ஒரு மூக்கு இருப்பதாக நம் கண்தான் முடிவு செய்துகொள்கிறது. எத்தனையோ வருடமாகப் பார்த்த படம், வரைய உட்காரும்வரை இதை நான் கவனித்ததில்லை.

தோட்டிலும் அப்படித்தான். நான் கொக்கி போட்டு, வட்டம் போட்டு முத்தை வரைந்திருந்தேன். வெர்மீர் கொக்கியே போடவில்லை. மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் வெளிச்சம் பட்ட மங்கலான பூச்சு. மற்றதெல்லாம் கழுத்து நிழல்தான்.

இரண்டாவது பிரதியில் அடுக்கு முறையைப் பிடித்தேன். முதலில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தில், அதை நீர்க்கச் செய்யும் டர்பென்டைன் கலந்து மெல்லிசாக ஒளியும் நிழலும் மட்டும். அது காய்ந்தபின் முகத்தின் நிறங்கள். கடைசியில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சேர்த்த கண்ணாடி மாதிரியான பூச்சு, அதாவது கிளேஸ். எண்ணெய் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் இருக்க வேண்டும். ஆயில் பெயிண்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. கீழ் அடுக்கு இறுகுவதற்குள் மேலடுக்கு காய்ந்துவிட்டால் பின்னால் வெடிப்பு விடும். அவசரமே வேண்டாம். டர்பென்டைன் வாடை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெர்மீர் காலத்து ஈய வெள்ளை விஷம். டைட்டானியம் வெள்ளை போதும். தலைப்பாகையின் நீலத்துக்கு அவர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் என்ற நீலக் கல்லை அரைத்த நிறத்தைப் பயன்படுத்தினார். நமக்குக் கடையில் கிடைக்கும் அல்ட்ராமரின் நீலம் போதும்.

2018இல் இந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து ஆராய்ந்தார்கள். கறுப்பாகத் தெரியும் பின்னணி முதலில் பச்சைத் திரையாக இருந்ததாம், நிறம் மங்கிவிட்டது. கண்ணில் மெல்லிய இமைமுடிகளும் இருந்திருக்கின்றன. எனக்கு மிகவும் தெம்பு கொடுத்தது வேறொரு விஷயம்: வரையும்போதே அவர் காதையும் தலைப்பாகையின் உச்சியையும் கழுத்தின் பின்புறத்தையும் இடம் மாற்றியிருக்கிறார். காது சரியாக உட்காரவில்லை என்று நான் மூன்று தடவை துடைத்த அதே இடம். துடைக்கத் தயங்காதீர்கள்.

மூன்றாவது பிரதி முடிந்ததும் பிரிண்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, அம்மாவைக் காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வெளிச்சம் பட்ட பக்கத்தில் மூக்குக்குக் கோடு போடவில்லை. மூக்குத்திக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே கொஞ்சம் சாம்பல் நிறம். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியைத்தான் முதலில் தொடப் போனார். காயவில்லை, தொடாதே என்றேன்.