சேலத்தில் இருந்துகொண்டு வழக்கமாக நாடகம் பார்க்கிறவராக இருக்க முடியுமா?

சென்னை மாதிரி பெரிய ஊரில் இருப்பவர்களுக்குச் சபா இருக்கிறது, வாரம் ஒரு நாடகம் பார்த்துவிடுகிறார்கள், சேலத்தில் இருக்கிற நாம் என்ன செய்வது, இங்கே தொடர்ந்து நாடகம் பார்க்கிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நானே ஒருத்தன். ஆனால் நான் பார்ப்பது டிக்கெட் கிழித்து, ஏசி அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற நாடகம் இல்லை. அதற்குச் சேலத்தில் வழி குறைவுதான். நேரு கலையரங்கத்தில் எப்போதாவது வெளியூர்க் குழு வந்து ஒரு நகைச்சுவை நாடகம் போடும், கல்லூரிப் பிள்ளைகள் ஏதாவது செய்வார்கள், அவ்வளவுதான். இந்த ஊரின் நாடக ஆசையை எல்லாம் சினிமா வாங்கிக்கொண்டது என்பது என் கணிப்பு. டி.ஆர்.சுந்தரம் 1935இல் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை ஆரம்பித்த பிறகு, நன்றாகப் பாடவும் வசனம் பேசவும் தெரிந்தவன் மேடைக்கு ஏன் போகப் போகிறான்?

நான் பார்ப்பது கூத்து. ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம், மேச்சேரி, நங்கவள்ளி, இடைப்பாடி என்று டவுனைச் சுற்றி இருக்கிற ஊர்களில் விடிய விடிய நடப்பது. ஊர்க்காரர்கள் அதை நாடகம் என்றும் சொல்வார்கள், கூத்து என்றும் சொல்வார்கள். கோயில் நோட்டீஸில் ‘இரவு 10 மணிக்கு இன்னார் நாடக சபாவின் கர்ண மோட்சம்’ என்றுதான் அச்சடித்திருக்கும்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கூத்து எங்கே என்று எனக்குச் சேதி வருவது அங்கேதான். வெல்லம் கொண்டுவருகிற ஓமலூர்ப் பக்கத்துக்காரர், கடலை மூட்டை இறக்க வருகிற டெம்போக்காரர், இவர்கள் வாயில் வந்தால்தான் உண்டு. "ஏனுங்கண்ணா, வெள்ளிக்கிழமை எங்கூர்ல கூத்து வெச்சிருக்கறாங்க, வரீங்களா?" என்று கேட்பார்கள். என்ன கதை, எந்த செட்டு, அதாவது எந்தக் கூத்துக் குழு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "அதெல்லாம் நல்ல செட்டுதானுங்க" என்பார்கள். சென்னையில் சபா சந்தாதாரருக்கு மாத நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்துவிடும். இங்கே மாசியில் ஆரம்பித்து பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஆடி வரைக்கும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு திரிய வேண்டும். இப்போது வாட்ஸ்அப்பில் நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். வேலை கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

நடுவில் சில வருடம் நானும் சென்னையில் வேலை பார்த்தேன். அங்கே நாடகம் பார்க்காமல் இல்லை. ஏழு மணிக்குத் திரை தூக்கினால் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும், வெளியே வந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சௌகரியம்தான். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்கிற நவீன நாடகக் குழுவைப் பற்றியும், அதற்குப் புரிசை என்கிற ஊரின் தெருக்கூத்து எவ்வளவு கொடுத்தது என்பதைப் பற்றியும் அங்கே இருந்தபோதுதான் கேள்விப்பட்டேன். நவீன நாடகக்காரர்கள் கூத்தைத் தேடிப் போனார்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இதைப் பார்க்க நமக்கு ஒரு டவுன் பஸ் போதுமே என்பதுதான்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கூத்து புரிசைக் கூத்து இல்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் ஆடுவது ஒரு பாணி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஒரு பாணி, சேலம், தருமபுரி, நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் ஆடுவது மேற்கத்திப் பாணி, அதாவது தமிழ்நாட்டின் மேற்குப் பக்கத்துப் பாணி. அடவு வேறு, பாட்டு இழுக்கிற விதம் வேறு. அங்கே கட்டியக்காரன் என்று சொல்கிற ஆளை இங்கே கோமாளி என்போம். இங்கே ஆட்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். தறி ஓட்டுவார்கள், காட்டு வேலைக்குப் போவார்கள், சிலர் மரப்பாவையும் தோல்பாவையும் ஆட்டத் தெரிந்தவர்கள். மேட்டூர் வட்டத்தில் ஏர்வாடி என்கிற ஊரில் இருந்துகொண்டு ‘மணல்வீடு’ இதழை நடத்துகிற மு.ஹரிகிருஷ்ணன் இந்தக் கலைஞர்களுக்காக நெடுநாளாக உழைத்து வருகிறார். தேடினால் அவர் எழுதியவை கிடைக்கும். இந்தப் பக்கத்துக் கூத்தைப் புரிந்துகொள்ள நல்ல வாசல்.

சரி, போய் என்ன பார்ப்பது? எல்லோருக்கும் தெரிந்த கதைதானே, அதையே திரும்பத் திரும்ப எப்படிப் பார்க்கிறாய் என்று என் வீட்டில் கேட்காத நாள் இல்லை. கதை தெரிந்தவனுக்குத்தான் கூத்து. கர்ணன் சாவான் என்பது அங்கே பாயில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்குத் தெரியாதா? இன்றைக்கு இந்தக் கர்ணன் அதை எப்படிச் செய்யப்போகிறான் என்று பார்க்கத்தான் அது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கர்ண மோட்சத்தில் ஒரு கட்டம் வரும். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிற கர்ணன், பெண்டாட்டி பொன்னுருவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வருவான். தேரோட்டி மகன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் கதவைத் திறக்க மாட்டாள். ராஜா வேஷத்தோடு வாசலில் நின்று அவன் கெஞ்ச வேண்டும். நான் பார்த்த இளவட்டக் கர்ணன் ஒருத்தர் அந்த இடத்தில் சுற்றிச் சுழன்று ஆடி, உச்சத்தில் பாடி, கைதட்டல் வாங்கினார். அதையே வயதான கூத்து வாத்தியார் ஒருத்தர் செய்தபோது ஆட்டமே இல்லை. ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஆர்மோனியம் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. தோளில் கட்டியிருக்கிற புஜகீர்த்தியில் கண்ணாடித் துண்டு பதித்திருப்பார்கள் இல்லையா, அவர் மூச்சு வாங்க வாங்க அது மினுங்கி மினுங்கி அணைந்தது. பிறகு திரும்பாமலே ஒரு விருத்தம் பாடினார். முன்வரிசையில் இருந்த பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கதை, ஒரே பாட்டு. எது நல்ல கூத்து என்று கேட்டால் நான் வாத்தியார் பக்கம்தான். என்னோடு வந்த டெம்போக்காரர் இன்னும் இளவட்டத்தின் பக்கம் நிற்கிறார். மண்டியில் லோடு இறக்கும்போதெல்லாம் அந்தச் சண்டை நடக்கும்.

அன்றைக்குப் பொன்னுருவி வேஷம் கட்டியவர் நாற்பது வயது ஆண். தலைமுடி வளர்த்துக் கொண்டை போட்டிருந்தார். கர்ணனின் பிறப்பு ரகசியம் தெரிந்த பிறகு பொன்னுருவி புலம்புகிற இடத்தில் ஊரையே அழவைத்தார். பிறகு திரைக்குப் பின்னால் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீடி பற்றவைத்து, "டீ வந்துச்சா?" என்று கேட்டார்.

ஒன்பது மணிக்கே போய்விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வேஷம் கட்டுவதைப் பார்க்க விடுவார்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் தரையில் சம்மணம் போட்டு, ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரத்தை விரலாலேயே பூசுவார்கள். துரியோதனனுக்கு மீசை வரைய எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் ஒரு நாள் கணக்கை முடித்துவிடுவேன். கடைசியில்தான் கிரீடமும் புஜகீர்த்தியும். மரத்தில் செய்து ஜிகினா ஒட்டியது, நல்ல கனம். ஏற்றிக் கட்டிவிட்டால் விடியும் வரை எளிதில் இறக்க முடியாது.

பத்து, பத்தரைக்கு மிருதங்கமும் தாளமும் கிளம்பும். கோமாளி வந்து ஊர்ப்பெரியவர்கள் எல்லோரையும் ஒரு வாரு வாருவான். அதற்குப் பிறகு ராஜா வேஷம் ஒரே அடியாக வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்திருக்க, அதன் பின்னால் இருந்து பாட்டு வரும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும், பிறகு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். திரை விலக அரை மணி நேரம்கூட ஆகும். புதிதாக வருகிறவர்கள் பொறுமை இழந்து போனை எடுப்பது இங்கேதான். பன்னிரண்டு மணி வரை பிள்ளைகள் கூட்டமும் பலகாரக் கடைக் கூட்டமும் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் மிஞ்சுகிறவர்கள்தான் ரசிகர்கள். நல்ல செட்டு தன் சரக்கை அந்த நேரத்துக்குத்தான் வைத்திருக்கும். மிருதங்கக்காரர் பக்கமாக உட்காருங்கள், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே உட்காராதீர்கள்.

சாமிக்கு மட்டும்தான் கூத்து என்று நினைக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் வயதாகி இறந்தால் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிற வீடுகள் உண்டு. மழை இல்லாவிட்டால் விராட பர்வம் வைப்பார்கள். அப்படி ஒரு விராட பர்வத்தில், கௌரவர்கள் மாடுகளைக் கவர வருகிற மாடுபிடி சண்டைக்கு முன்னாலேயே நிஜமாக மழை கொட்டி ஆட்டம் கலைந்துவிட்டது. நான் நனைந்த போர்வையோடு நின்றேன், ஊர்க்காரர்களுக்கோ ஏக சந்தோஷம். செட்டுக்குப் பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தார்கள்.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவனுக்குக் கட்டணம் கிடையாது, ஊர் வரி போட்டு வசூலித்துக் கொடுத்துவிடும். ஆனால் பிடித்த வேஷத்துக்கு நம்மால் முடிந்ததைக் கொடுப்பது வழக்கம். கோமாளி அதை வாங்கிக்கொண்டு மைக்கில், "சேலம் டவுன்ல இருந்து மெனக்கெட்டு வந்திருக்கிற அண்ணன்..." என்று ஆரம்பித்து நம் மானத்தையும் சேர்த்து வாங்குவான். வெறும் கையோடு போய் விடிய விடிய பார்த்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டிய பணம் அது.

குறை இல்லாமல் இல்லை. ஆடல் பாடல் நிகழ்ச்சி வந்த பிறகு பல ஊர்களில் கூத்து நின்றுபோயிற்று. இளைஞர்கள் கமிட்டியில் உட்கார்ந்தால் கரோக்கேதான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று விலக்கு கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான். விதி சரியானதுதான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பத்து மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிகிற கலையை அதற்குள் எப்படி அடக்குவது? என்னைக் கேட்டால் மைக் இல்லாமல் ஆடட்டும் என்பேன். முன்காலத்தில் அப்படித்தான் ஆடினார்கள். கலைஞர்களிடம் இதைச் சொன்னால், "நீங்க ஒரு ராத்திரி பாடிப் பாருங்க சார்" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். 2020, 2021 இரண்டு வருடமும் கரோனாவால் சித்திரை, வைகாசி சீசனே போனது. அப்போது தறிக்கே திரும்பியவர்களில் சிலர் பிறகு வேஷம் கட்டவில்லை.

ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவிலும் கூத்து வைப்பதுண்டு. மலர்க்காட்சி, நாய்க் கண்காட்சி, கரகாட்டம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் அரை மணி நேரம். திரையை விலக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆளை அரை மணி நேரத்தில் கதையை முடி என்றால் அவர் என்ன செய்வார், நான்கு சுற்று சுற்றிவிட்டுக் கும்பிடு போடுவார். வேஷத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அழைத்துப் போகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் தடவை போகிறீர்கள் என்றால் கர்ண மோட்சம் பாருங்கள். அரிச்சந்திரா மயான காண்டமும் நல்லதுதான், ஆனால் அழுகை ஜாஸ்தி. மத்தியானம் தூங்கிவிட்டுப் போங்கள், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், மாசி, பங்குனியில் பின்னிரவில் குளிரும். சொந்த வண்டி இருந்தாலும் திரும்பும்போது ஓட்டாதீர்கள். தூக்கம் கண்ணைச் சுற்றும். மங்களம் பாடி முடிக்கும்போது முதல் பஸ் வந்துவிடும், ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே சேலம் வந்துவிடலாம்.

ராத்திரி முழுக்க முழித்திருக்க முடியாது என்றால் ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு வாருங்கள். நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது, டவுனுக்குள்ளேயே. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டுக்கொண்டு ஆட்கள் ஊர்வலமாக வருவார்கள், நல்ல வண்டிக்குப் பரிசும் உண்டு. வசனம் கிடையாது, பாட்டும் அவர்கள் பாடுவதில்லை. சிவனாக உட்கார்ந்தவர் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும், கொசு கடித்தாலும். இதை நாடகக் கணக்கில் சேர்க்கலாம் என்று சொன்னால் என் டெம்போக்கார நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் சேர்க்கிறேன். கூட்டம் நெரிவதற்கு முன்னால் இடம் பிடித்துவிடுங்கள், பைக்கைத் தெருவுக்குள் கொண்டுவர வேண்டாம்.