முதியோரும் மனநல சிகிச்சையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அம்மா காலமான பிறகு 74 வயதான அப்பா சரியாக உறங்குவதுமில்லை, உண்பதுமில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார்.

பதில்: மனநல சிகிச்சை என்றாலே அவர் தலைமுறையினர் பலருக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும், ஆகவே அந்தக் கோபத்தை வெறும் பிடிவாதமாகக் கொள்ள வேண்டாம். அவருக்கு மனச்சோர்வு இருப்பதாக வாதிடுவதை விட்டு, அவரே ஒப்புக்கொள்ளும் தொந்தரவிலிருந்து தொடங்குங்கள். முதுமையில் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாக அல்லாமல், தூக்கமின்மையாகவும் பசியின்மையாகவும் உடல்வலியாகவும் மறதியாகவும் வெளிப்படும். வழக்கமாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்கும் மருத்துவரிடம், "விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது" என்று அவரே சொல்லட்டும். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைபாடும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை எப்படியும் தேவை. அதைப் பார்த்த பின் அந்த மருத்துவரே மனநல மருத்துவருக்கு எழுதித் தரும் சீட்டுக்கு, பிள்ளைகளின் வற்புறுத்தலைவிட மதிப்பு அதிகம். அங்கே அவரிடம் கேட்கப்படும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள் (படித்த பிள்ளைகளே இதை அதிகம் செய்கிறார்கள்). சிறிது நேரம் அவர் மருத்துவரிடம் தனியே பேசட்டும்.

கேள்வி: மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. முடிவெடுக்கும் திறனுள்ளவருக்கு அவரது ஒப்புதலுடன்தான் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலை. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. தவிர, விஷயம் தெரிந்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே அவர் சந்தேகிப்பார்.

கேள்வி: அம்மா மனச்சோர்வுக்கான மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டார். குணம் தெரியவில்லை, தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டார்.

பதில்: இம்மருந்துகளில் பக்க விளைவு முதலில் வரும், பலன் தெரியச் சில வாரங்களாகும். முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதால், ஆறு முதல் எட்டு வாரங்கள்கூட ஆகலாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் தலைசுற்றலை அலட்சியப்படுத்தக் கூடாது. இவற்றுள் சில, முதியோரின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் அந்த வாய்ப்பு கூடுதல். மருத்துவரிடம் சொல்லிச் சோடியம் பரிசோதனை செய்யுங்கள். பேச்சில் குழப்பம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் தூக்க மாத்திரை ஏதும் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: கிராமத்தில் தனியாக இருக்கும் பெரியப்பா, "போய்ச் சேர்ந்தால் போதும்" என்கிறார். நகரத்துக்கு வர மறுக்கிறார்.

பதில்: வயதானவர்கள் சொல்வதுதானே என்று விட்டுவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லியையும் மிச்ச மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்றால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பில் நீங்கள் பேசுங்கள், அடுத்ததில் அவர் பேசட்டும்.