ஃபாதர் பிரவுனும் ஒரு கோபக்கார வாசகரும்

கேள்வி: போன இதழ்ல 1954ல வந்த 'ஃபாதர் பிரவுன்' படத்தை ஆகா ஓகோன்னு எழுதியிருந்தீங்களேன்னு தேடிப் பிடிச்சு பார்த்தேன். சாமியார் துப்பறியுறாரு, காமெடி, எல்லாம் சரி. ஆனா மொத்தப் படமும் வெள்ளைக்கார ஆம்பளைங்க, பொம்பளைன்னு சொல்லிக்க ஒரு பணக்கார விதவை. இதைப் போயி சிபாரிசு பண்ண வெட்கமா இல்லையா?

பதில்: இல்லை. ஆனா படத்தைப் பார்த்துட்டு திட்டுறீங்க பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு. பாதிப் பேரு போஸ்டரைப் பார்த்துட்டே ஆரம்பிச்சிடுறாங்க.

உங்க கணக்கு தப்புன்னு சொல்லலை. 'அந்தக் காலம் அப்படி சார்'னு நழுவவும் மாட்டேன், ஏன்னா 1948லயே விண்ட்ரஷ் கப்பல் கரீபியன் தீவுக்காரங்களை இங்கிலாந்துல டில்பரி துறைமுகத்துல கொண்டு வந்து இறக்கியாச்சு, 1951ல 'பூல் ஆஃப் லண்டன்' படத்துல ஏர்ல் கேமரூன்னு ஒரு கறுப்பு நடிகருக்கு முக்கியமான வேஷமே குடுத்தாச்சு, அப்புறம் 54ல ஏன் கண்ணுக்குத் தெரியல? அந்த விதவை வேஷத்துக்கு ஜோன் கிரீன்வுட் மாதிரி ஒரு நடிகையை வச்சுக்கிட்டு அவங்க செஸ் செட்டைத்தான் திருடனுக்குத் தூண்டிலா போடுறாங்க, அதுவும் வேஸ்ட்தான்.

ஆனா ஹீரோ யாருன்னு பார்த்தீங்களா? இங்கிலாந்துல ஒரு கத்தோலிக்கச் சாமியார். இங்க இருந்து பார்த்தா வெள்ளைக்காரன் எல்லாம் ஒரே வேதம்னு தோணும், அங்க கதையே வேற. 1829 வரைக்கும் கத்தோலிக்கர் பார்லிமென்ட்ல உட்கார முடியாது, 1701ல போட்ட சட்டப்படி இன்னைக்கும் ஒரு கத்தோலிக்கர் அங்க ராஜாவாக முடியாது. அப்பேர்ப்பட்ட ஊர்ல எடுத்த படத்தோட ஆரம்பத்துலயே, ராத்திரி நேரம், திறந்த பெட்டகம், முன்னாடி அங்கி போட்ட சாமியார், போலீஸ் வந்து அமுக்குது. மனுஷன் திருடவே இல்ல, அவரு சர்ச்சுக்கு வர்ற ஆள் ஒருத்தன் அடிச்ச பணத்தைத் திருப்பி வைக்க வந்திருக்காரு, சொன்னா எவன் நம்புவான்? அந்த இடத்துல சாமியாரா நடிச்ச அலெக் கின்னஸ் முழிக்கிற முழி இருக்கே! (ரெண்டே வருஷத்துல, 1956ல, அவரு நிஜமாவே கத்தோலிக்கரா மாறிட்டாரு, அது தனிக் கதை.) செஸ்டர்டன் எழுதின மூலக் கதைகள்ல கறுப்பர்களைப் பத்தி வாய் கூசுற வரிகள்லாம் உண்டு, படம் எடுத்தவங்க நல்லவேளை அந்தப் பக்கமே போகாம 'நீலச் சிலுவை' கதையை எடுத்துக்கிட்டாங்க.

சண்டை போட்டே ஆகணும்னா இதே கின்னஸ்கிட்டயே சரக்கு இருக்கு. 1948ல 'ஆலிவர் ட்விஸ்ட்'ல யூதக் கிழவன் ஃபேகினுக்கு ஒட்டு மூக்கு வச்சு நடிச்சாரு, எதிர்ப்பு கிளம்பி அமெரிக்காவுல 1951 வரைக்கும் ரிலீஸே ஆகல. அதுலயும் படிக்காம 1984ல 'எ பாசேஜ் டு இந்தியா'வுல பிராமணப் புரொஃபசர் காட்போலேவா முகத்துல மை பூசிக்கிட்டு வர்றாரு, அதே படத்துல விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத்னு நம்மாளுங்க வரிசையா இருக்காங்க! டைரக்டர் டேவிட் லீனுக்கு அந்த ஒரு வேஷத்துக்கு மட்டும் இந்தியர் கிடைக்கலையாம். அதைப் பத்தி எழுதி அனுப்புங்க, அரைப் பக்கம் ஒதுக்கித் தர்றேன்.