ஷெக்கென்தாலில் மாலை ஏழு மணி

கேள்வி: கிராமப்புறங்களில் மாலையில் ஒலிக்கும் தேவாலய மணி மனதை அமைதிப்படுத்தும் என்கிறார்களே, உங்களுக்கு அப்படி ஓர் அனுபவம் உண்டா?

உண்டு. 2006ஆம் ஆண்டு திருமணமாகி சுவிட்சர்லாந்துக்கு வந்ததிலிருந்து, அநேகமாக ஒவ்வொரு நாளும் உண்டு. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், இன்றும் சைவம்தான். ஆனால் மாலை மணியைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

நாங்கள் இருப்பது ஊரி மாநிலத்தில், ஷெக்கென்தால் என்ற பள்ளத்தாக்கில். சுவிஸ் பழங்கதை வீரன் வில்லியம் டெல்லின் ஊர் என்று சொல்லப்படும் பியூர்க்லனிலிருந்து சாலை மேலே ஏறி, 1,948 மீட்டர் உயரமுள்ள கிளவுசன் கணவாய்க்குப் போகிறது. குளிர்காலத்தில் கணவாயைப் பனி மூடிவிடும். வந்த வழியாகவே திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் செங்குத்தான புல்வெளி, அதில் ஒட்டிவைத்ததுபோல மரவீடுகள், கீழே ஆறு. கடைசி மஞ்சள் பஸ்களில் ஒன்று எங்கள் ஊரைக் கடந்து போய்விட்டால் அதன் பிறகு ஆற்றின் சத்தம் மட்டும்தான்.

ஏழு மணிக்கு அந்தச் சத்தத்தின் மேல் மணி ஏறும். இங்கே மணியை அசையாமல் வைத்து நாக்கால் தட்டுவதில்லை, மணியையே ஊசல்போல ஆட்டுகிறார்கள். அதனால் தொடக்கத்தில் ஒரு சிறு தடுமாற்றம் இருக்கும். மணி போதுமான அளவு சாயாததால் நாக்கு ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு வரும். நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் சமமாக விழும். முடியும்போது அதே தடுமாற்றம் திரும்ப வரும்; இடைவெளி நீளும்; இதுதான் கடைசி என்று நினைக்கும்போது இன்னும் ஓர் அடி மெல்ல விழும். அதற்குப் பிறகு வெண்கலத்தின் முனகல் எப்போது அடங்கியது என்று என்னால் இதுவரை குறித்துச் சொல்ல முடிந்ததில்லை. ஆற்றோடு கலந்துவிடுகிறது.

இது கத்தோலிக்கர்களின் மூவேளைச் செபத்துக்கான மணி. காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை. மூன்றிலும் மூத்தது மாலை மணிதான். பதினான்காம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை 22ஆம் யோவான் அதற்கு ஊக்கம் கொடுத்திருக்கிறார். நண்பகல் மணியோடு ஒரு போரின் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது: 1456இல் ஒட்டோமான் படை பெல்கிரேடை நெருங்கியபோது, மக்கள் வேண்டுதல் செய்யும்படி திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் கட்டளையிட்டு அடிக்கச் செய்த மணி அது. மாலை மணிக்கு அப்படி ஒரு சுமை இல்லை. நாள் முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

இதை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முதியவர். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்தார், வாழ்நாள் முழுவதும் மாடு மேய்த்த விவசாயி. ஒரு மாலை அவரைப் படுக்கைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். கால்வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறையை வலது காலிலிருந்து பாதி உருட்டியிருந்தேன். மணி தொடங்கியது. அவர் உள்ளங்கையை உயர்த்தினார். எனக்கு இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள், உருட்டுவதை நிறுத்தாமல் தொடர்ந்தேன். அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்கவில்லை, கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். விரல்கள் மரப்பட்டைபோல இருந்தன. மணி ஓய்ந்து, முனகலும் அடங்கிய பிறகுதான் விட்டார். "இப்போது கழற்று" என்றார்.

மணி கேட்காத உயரத்தில் என்ன செய்வீர்கள் என்று பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். கோடையில் ஏறக்குறைய நூறு நாட்கள் மாடுகளோடு மேலே மலைமேய்ச்சலில் இருப்பார்கள்; கீழிருந்து மணியோசை அவ்வளவு தூரம் வராது. அப்போது அந்திப்பொழுதில் மேய்ப்பன் பால் வடிக்கும் மரப்புனலை வாயில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, மாதாவையும் புனிதர்களையும் ராகமாகக் கூவி அழைப்பான். குரல் எட்டும் தூரம்வரை மனிதருக்கும் மாட்டுக்கும் இரவில் காவல் உண்டு என்பது நம்பிக்கை. அவர் பையனாக இருந்தபோது தினமும் கூவியிருக்கிறார். ஊரியின் மலைகளில் இன்றும் இந்த வழக்கம் இருக்கிறது. அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது: மணியும் அந்தக் கூவலும் செய்வது ஒரே வேலை. கேட்கிற எல்லைக்குள் இருக்கிறவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இரவுக்குள் அனுப்பிவைக்கிறது.

மணியின் ஓசைக்குள்ளேயும் சில காரணங்கள் இருக்கின்றன. நல்ல மணியில் ஏறக்குறைய நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். அதை அடித்தால் ஒரே சுவரம் எழுவதில்லை, பல எழும். அவற்றில் ஒன்று அடிப்படைச் சுவரத்துக்கு மேலே நிற்கும் சாதாரண காந்தாரம். கரகரப்பிரியா ராகத்தில் நம் காதுக்குப் பழகிய அதே இடம். மணியோசையில் இருக்கும் அந்த மெல்லிய ஏக்கம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. மாலை நேரமும் உதவுகிறது. சூரியன் இறங்கியதும் நிலம் குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது, மேலே வெப்பமான காற்று நிற்கிறது. மேல்நோக்கிப் போகும் ஒலி அந்த எல்லையில் வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. நண்பகலில் பக்கத்துச் சரிவுக்கே சரியாகக் கேட்காத மணி மாலையில் தூரத்து வீட்டுக்குள்ளும் வந்துவிடுவது இதனால்தான். ஃபியோன் என்ற தென்திசை வெப்பக்காற்று வீசும் நாட்களில் மட்டும் ஓசை துண்டு துண்டாகச் சிதறும்.

ஆனால் என் மனம் அடங்குவதற்கு இவை போதுமான காரணம் இல்லை. அதைச் சொல்ல நான் ஊருக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு. பிள்ளையார் கோவில் ஒழுங்கையின் முடிவில் இருந்தது, வேதக்கோவில் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவ தேவாலயம் சற்றுத் தள்ளி இருந்தது. பொழுதுபடும் நேரத்தில் வேதக்கோவில் மணிதான் முதலில் கேட்கும். அம்மா அதைக் கேட்டுத்தான் சாமி விளக்கு ஏற்றுவார். அம்மாவுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததில்லை. "மணி அடித்துவிட்டது, காலைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை" என்பார். நெருப்புப்பெட்டி உரசும் சத்தமும் மணியும் எனக்கு ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. எனக்கு எட்டு வயது. உடுத்த துணியோடு தெற்கே நகரப் பக்கம் இடம்பெயர்ந்தோம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி வைத்து எரித்த விளக்குதான் வெளிச்சம். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு எந்தக் கோவிலின் மணியும் எட்டவில்லை. அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றாமல், வாசலில் நிற்பதைப் பல மாலைகளில் பார்த்திருக்கிறேன். "மணி கேட்காமல் பொழுதுபட்ட மாதிரியே இல்லை" என்று ஒருமுறை சொன்னார். நாங்கள் விட்டுவந்த ஊரில் மணி இருந்திருக்கும். கயிற்றை இழுக்க ஆள் இல்லை. அந்த வயதில் எனக்கு ஊர் காலியாகிவிட்டது என்பதன் பொருள் அதுதான்.

இங்கே வந்த முதல் வாரம், அக்டோபர் மாதம், ஜன்னலுக்கு வெளியே சீக்கிரமாகவே இருட்டியது. எனக்கு ஜேர்மன் மொழி ஒரு சொல்லும் தெரியாது. கணவர் உணவகத்தில் வேலை, இரவு பதினொரு மணிக்குத்தான் வருவார். அப்போது ஏழு மணி அடித்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து விளக்கு ஏற்றினேன். அன்றிலிருந்து இந்த மணிக்குத்தான் ஏற்றுகிறேன். சுவிட்சர்லாந்தில் நம்மவர் பலரும் இப்படித்தான். அயின்சீடல்ன் மடாலயத்தின் கறுப்பு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் திருநீறு பூசிய நெற்றிகளையும் பார்க்கலாம்.

மணியை எல்லோரும் விரும்புவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சூரிச் ஏரிக்கரையில் வேடன்ஸ்வில் என்ற ஊரில், இரவெல்லாம் கால்மணிக்கு ஒருமுறை அடிக்கும் மணியை நிறுத்தக் கேட்டு ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். 2017 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் மணி தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. என் அனுதாபம் அந்தத் தம்பதியின் பக்கம்தான். தூங்குகிறவரை எழுப்பி நேரம் சொல்வது வேறு. நாள் முழுக்க ஓடியவரிடம் இனி உட்காரலாம் என்று சொல்வது வேறு. இரண்டையும் ஒரே வழக்கில் சேர்த்துப் பேசும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

வருடத்தில் இரண்டு மாலைகள் இந்த மணி அடிக்காது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில் ஓய்ந்தால், புனித சனி இரவுவரை மௌனம். மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டன என்று குழந்தைகளிடம் சொல்வார்கள். அழைப்பதற்கு மரத்தாலான கரகரப்புக் கருவியைச் சுழற்றுவார்கள். பெரிய வெள்ளியன்று ஏழு மணிக்கு நான் தீப்பெட்டியோடு நின்றுவிடுவேன், அம்மா நின்றதுபோலவே. ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரியும், எதிர்வீட்டில் வெளிச்சம் தெரியும், இருந்தாலும் கை உடனே போவதில்லை.

சனி இரவு, பூசையின் நடுவில், கோபுரத்தின் எல்லா மணிகளும் ஒன்றாகத் தொடங்கும். இந்த வருடம் கணவருக்கு அன்று விடுமுறை. முதல் அடி விழுந்ததும் எழுந்து போய் ஜன்னலை முழுதாகத் திறந்தார். ஏப்ரல் மாதக் குளிர் உள்ளே வந்தது. விளக்கின் சுடர் படுத்து எழுந்தது. நான் கையால் மறைத்துக்கொண்டேன், அவர் ஜன்னலை மூடவில்லை.