சர்வர் மாத்தினதும் ரெப்ளிகேஷன் நின்னுடுச்சா? கேள்வி பதில்

பழைய சர்வரை எடுத்துட்டு புதுசு வச்சதும் ரெப்ளிகேஷன் (மெயின் டேட்டாபேஸ்ல நடக்கிற மாற்றம் இன்னொரு சர்வருக்கும் தானா காப்பி ஆகுறது) மக்கர் பண்ணுதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ரெண்டு டேட்டாபேஸும் கலந்து வந்திருக்கு. எரர் மெசேஜை முழுசா போட்டவங்களுக்கு ரொம்ப நன்றி.

கேள்வி: அண்ணா, ஓடிட்டிருந்த ஒரு ரெப்ளிகாவை (காப்பி சர்வரை) நிறுத்தி அதோட டேட்டா டைரக்டரியை அப்படியே புது மெஷினுக்கு காப்பி பண்ணேன். இப்ப ரெண்டு ரெப்ளிகாவும் மாறி மாறி கனெக்‌ஷன் விட்டுப் போகுது.

பதில்: காப்பி பண்ணும்போது ஆட்டோ டாட் சிஎன்எஃப் ஃபைலும் சேர்ந்து வந்திருக்கும்பா. சர்வரோட யுயுஐடி (அதோட தனி அடையாளம்) அதுலதான் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே யுயுஐடியோட வந்து நின்னா, ஒருத்தன் உள்ள வரும்போது மெயின் சர்வர் இன்னொருத்தனை வெளிய தள்ளிடும். புது மெஷின்ல மைஎஸ்கியூஎல்லை நிறுத்திட்டு அந்த ஃபைலை மட்டும் டெலீட் பண்ணி ஸ்டார்ட் பண்ணு, புது ஐடி தானா உருவாகும். செட்டிங்ல நாம கொடுக்கிற சர்வர் ஐடி நம்பரும் வேற வேறயா இருக்கான்னு பாத்துக்கோ, மைஎஸ்கியூஎல் 8.0ல டீஃபால்ட்டே 1தான்.

கேள்வி: ஐஓ த்ரெட் (மெயின்ல இருந்து மாற்றங்களை இழுக்கிறது) கனெக்டிங்னே நிக்குது சார், பாஸ்வேர்ட் சரியாதான் இருக்கு.

பதில்: ரெப்ளிகேஷன் யூசரை பழைய ஐபிக்கு மட்டும் உருவாக்கியிருப்பீங்க, முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் 3306 போர்ட் ஃபயர்வால்ல திறந்திருக்கான்னு பாருங்க. எரர்ல செக்யூர் கனெக்‌ஷன் வேணும்னு வந்தா அது 8.0ஓட புது பாஸ்வேர்ட் முறை, எஸ்எஸ்எல் போட்டுடுங்க.

கேள்வி: 1062 டூப்ளிகேட் கீ எரர் வருது. ஸ்கிப் பண்ணா ஓடுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. மொத்தமா ஸ்கிப் பண்ற மாதிரி செட்டிங் போட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். அந்த எரர் வந்தா, அந்த ரோ ஏற்கனவே ரெப்ளிகால இருக்குன்னு அர்த்தம், அது எப்படி அங்க வந்துச்சுன்னுதான் கேக்கணும். சர்வர் மாத்தின உடனே வருதுன்னா பெரும்பாலும் மெயினோட பின்லாக்ல (மாற்றங்களைப் பதிவு பண்ற லாக்) பேக்கப் எடுத்த இடத்துக்கு முன்னாடி இருக்கிற பொசிஷன்ல இருந்து ஆரம்பிச்சிருப்பீங்க, இல்லன்னா ஏதோ ஒரு அப்ளிகேஷன் ரெப்ளிகாலயே நேரா எழுதிட்டிருக்கு (யாரையும் எழுத விடாத சூப்பர் ரீட் ஒன்லி செட்டிங் ஆன்ல இருந்தா இது நடக்காது). ஸ்கிப் பண்ணும்போது அந்த ஒரு ரோ மட்டும் போறதில்ல, அதே டிரான்ஸாக்‌ஷன்ல இருந்த மத்த மாற்றங்களும் சேர்ந்து போயிடும், அப்புறம் அதுல ஒண்ணை அப்டேட் பண்ண வரும்போது ரோவே இல்லன்னு 1032 வரும், அதையும் ஸ்கிப் பண்ணுவீங்க, கடைசில ஸ்டேட்டஸ்ல ரெண்டு த்ரெட்டும் (மாற்றத்தை இழுக்கிறதும் எழுதுறதும்) எஸ்னு காட்டும், லேக் (பின்தங்கின நேரம்) 0ன்னு காட்டும், ஆனா டேட்டா வேற வேறயா இருக்கும். அந்த மெஷினை ஒருநாள் மெயினா மாத்துற நிலைமை வந்தா காணாம போனது காணாம போனதுதான்.

சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன், சோர்ஸ் டேட்டா=2ன்னு ரெண்டு ஆப்ஷனும் போட்டு மெயின்ல புதுசா டம்ப் (டேட்டாவோட காப்பி ஃபைல்) எடுங்க. ஃபைலைத் திறந்தா மேலயே கமெண்ட்டா பின்லாக் பேரும் பொசிஷனும் ஒரு வரில இருக்கும், அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லோட டீஃபால்ட் டேபிள் வகை) டேபிளுக்குத்தான் இந்த வழி சரி. முடிச்சிட்டு பெர்கோனா டூல்கிட்ல ரெண்டு பக்கமும் டேட்டா ஒண்ணா இருக்கான்னு பாக்குற செக்சம் டூலை ஒருதடவை ஓட்டிடுங்க.

கேள்வி: எங்களுக்கு 1236, தேவையான பின்லாக் இல்லன்னு சொல்லுது.

பதில்: ரெப்ளிகா கேக்குற லாக் மெயின்ல அழிஞ்சிடுச்சு. 8.0ல டீஃபால்ட் 30 நாள், டிஸ்க் பத்தலன்னு யாராவது குறைச்சிருப்பாங்க. புதுசா காப்பி எடுக்கணும். 8.0.17 இல்ல அதுக்கு மேலன்னா டேட்டாவை நேரா காப்பி பண்ற குளோன் ப்ளகின் இருக்கு, வேலை சுலபம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ். உபுண்டு 18.04ல இருந்த ஸ்டாண்ட்பையை (ரெப்ளிகாவை) 20.04 மெஷினுக்கு மாத்தினோம், ரெப்ளிகேஷன்ல எரரே இல்ல. ஆனா பேர் போட்டுத் தேடினா சில ரோ வரமாட்டேங்குது, ஃபுல் ஸ்கேன் பண்ணா வருது!

பதில்: எரரே வராததால இதைத்தான் ரொம்ப பயப்படணும். லினக்ஸோட அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியோட 2018ல வந்த 2.28ல எழுத்துக்களை வரிசைப்படுத்துற விதி மாறிடுச்சு. 18.04ல இருக்கிறது 2.27, 20.04ல 2.31. இண்டெக்ஸ் (வேகமா தேட வரிசைப்படுத்தி வச்ச பட்டியல்) பழைய வரிசைப்படி அப்படியே வந்திருக்கு, புது மெஷின் புது வரிசைப்படி தேடுது, அதான் கிடைக்கல. நம்பர் காலம் இண்டெக்ஸுக்கு பிரச்சனை இல்ல, சி கொலேஷன்ல (வெறும் பைட் வரிசைப்படி அடுக்குற முறை) இருக்கிறதும் தப்பிச்சிடும். ஸ்டாண்ட்பைல ரீஇண்டெக்ஸ் பண்ண முடியாது, அதனால ரெண்டு பக்கமும் ஒரே ஓஎஸ் வச்சுக்கோங்க, இல்ல ப்ரோமோட் பண்ணின (மெயினா மாத்தின) உடனே யாரையும் உள்ள விடாம டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க.

கேள்வி: பழைய ஸ்டாண்ட்பையை தூக்கினதுல இருந்து ப்ரைமரில (மெயின் சர்வர்ல) டிஸ்க் நிறைஞ்சுட்டே போகுது.

பதில்: அதோட ரெப்ளிகேஷன் ஸ்லாட் இன்னும் இருக்கு, திரும்ப வரும்னு வால் ஃபைல் (போஸ்ட்கிரெஸோட மாற்றப் பதிவு லாக்) எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் வியூல ஆக்டிவ் ஃபால்ஸ்னு இருக்கும். புது ஸ்டாண்ட்பை அதே பேரை யூஸ் பண்ணலன்னு உறுதி பண்ணிட்டு ட்ராப் பண்ணுங்க, அடுத்த செக்பாயிண்ட்ல இடம் குறைய ஆரம்பிக்கும். வால் ஃபைலை மட்டும் கையால அழிச்சிடாதீங்க.