பென் டிரைவில் ஆயிரம் மணி நேரம்

கேள்வி: பழைய கர்நாடக இசைக் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்தவை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் என்னிடம் பென் டிரைவில் சேர்ந்துள்ளன. இரைச்சல் மிகுந்த இவற்றைவிட ஸ்டூடியோவில் பதிவானவையே மேல் என்கிறார் என் நண்பர். விலை கொடுத்துக் கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துத் தரலாமா என்றும் யோசிக்கிறேன். தங்கள் கருத்து என்ன? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. நீங்கள் செய்ய நினைப்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் நண்பருக்கு. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். ராகத்தைத் தொட்டுக் காட்டி, கீர்த்தனையைப் பாடி, இரண்டு ஆவர்த்தம் (தாளச் சுற்று) ஸ்வரமும் போட்டு அதற்குள் முடித்தாக வேண்டும். பின்னர் வந்த எல்.பி. தட்டும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே இடம் கொடுத்தது. ஒரு தோடி ராகத்தை முக்கால் மணி நேரம் விரித்துப் பாடுவது எப்படி இருந்தது, ஒரு வரியையே மாற்றி மாற்றிப் பாடும் நிரவலில் அது எத்தனை வண்ணம் கொண்டது என்பதெல்லாம் கச்சேரிப் பதிவில்தான் கிடைக்கும். 1968இல் மறைந்த மதுரை மணி ஐயரின் ஸ்வரப் பிரவாகத்தை இன்றைய தலைமுறை கேட்டு மயங்குகிறது என்றால், யாரோ சில ரசிகர்கள் மேடையருகே ஸ்பூல் டேப் இயந்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. பக்கவாத்தியக்காரர்கள் பலர் சூழ்ந்த 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளுக்கும் பல்லவிக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நாயனா பிள்ளை 1934இல் மறைந்தார். அவர் பாட்டைக் கேட்க நமக்கு ஒரு வழியும் இல்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் இந்தப் பதிவுகளின் குறை இரைச்சல் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் ஒரு மூத்த ரசிகர் வீட்டில் ஒரு கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்வரம் முடிந்தது, பாடகர் 'பலே' என்று மிருதங்கக்காரரைப் பார்த்துச் சொன்னது கூடக் கேட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்த கணம், தாளமின்றிச் செய்யுளைப் பாடும் விருத்தம் தொடங்கிவிட்டது. டேப்பை மிச்சப்படுத்த, மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். வயலினின் ராக ஆலாபனையும் பல பதிவுகளில் இப்படித்தான் போயிற்று. இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. அமெரிக்க ஜாஸ் மேதை சார்லி பார்க்கரை 1947இலும் 1948இலும் பதிவு செய்த டீன் பெனடெட்டி, பார்க்கரின் வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வாசிக்கையில் நிறுத்திவிடுவார். அவருடைய பக்தி உண்மையானது. அந்தப் பக்தியே உடன் வாசித்தவர்களை அழித்துவிட்டது.

அடுத்தது சுருதி. இயந்திரத்துக்கு இயந்திரம் வேகம் மாறுவதால், டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை (கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு) ஏறிவிடும். இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும், இரண்டு மணி நேரக் கச்சேரி ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். அந்தக் குரலின் கார்வையும், ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்தின் நிதானமும் பொய்யாகிப் போகும். உங்கள் நண்பர் வெறுக்கும் அந்த இரைச்சல்தான் இங்கே கைகொடுக்கிறது: அரங்கில் பதிவான மின்சார ரீங்காரம் நம் நாட்டில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், அது 53இல் ஒலித்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். இரைச்சலைச் 'சுத்தம்' செய்து தம்பூராவையும் சேர்த்துத் துடைத்துவிட்ட பிரதியில் இந்தத் தடயம் இருக்காது.

பதிவின்மேல் எழுதியிருக்கும் இடம், தேதிக் குறிப்புகளையும் நம்பிவிட முடியாது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் நடத்திய கச்சேரி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் திருட்டுத்தட்டாக விற்றது. 1998இல் முறையாக வெளியானபோதும் அந்தத் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டே வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் பென் டிரைவில் 'சென்னை, 1961' என்றிருக்கும் கோப்புகளில் எத்தனையை நீங்கள் சரிபார்த்தீர்கள்?

விற்பனையைப் பற்றி: கூடாது. நிகழ்த்துகலைஞரின் உரிமையை நம் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்தில் ஏற்றுக்கொண்டது. இப்போது அதன் காலம் 50 ஆண்டுகள். சொந்த உபயோகத்துக்கும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பதிவு செய்ய அது விலக்கு அளிக்கிறது, வியாபாரத்துக்கு அளிக்கவில்லை. அந்தத் திருத்தத்துக்கு முந்தைய கச்சேரிகளுக்குச் சட்டம் எந்த அளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். தொண்டை கட்டிய நாளில், எதிரே இருந்த நூறு பேரை நம்பி ஒருவர் பாடியது, அவர் அறியாமல் எடுக்கப்பட்டு அவர் குடும்பத்துக்கு ஒரு காசும் போகாமல் விலைபோவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆயிரம் மணி நேரத்தையும் ஒருவர் ஊன்றிக் கேட்க முடியாது. முழுமையாக உள்ள ஐம்பது கச்சேரிகளைத் தேர்ந்தெடுங்கள். தனி ஆவர்த்தனம் உள்ளவற்றை முதலில் வையுங்கள். வேகத்தைச் சரிசெய்த பிரதியோடு, எதையும் தொடாத மூலக் கோப்பையும் பாதுகாத்து, வித்வானின் வாரிசுகளுக்கு ஒரு பிரதியை இலவசமாகக் கொடுங்கள். பாடியவர் பெயர் எல்லாக் கோப்பிலும் இருக்கும். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள் யார் என்று விவரம் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதத் தொடங்குங்கள்.