பேரனுக்கு டைபாய்டு ஊசி: கேள்விப்பட்டதை நம்பிப் பயப்படலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் காலையில் நாசி லெமாக் கடை போடுகிறேன். வயது 47. கடைக்காரர்கள் போட வேண்டிய டைபாய்டு ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மகள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வதால் ஒன்றரை வயதுப் பேரன் பகல் முழுக்க என்னோடு கடையில்தான். அவனுக்கும் இந்த ஊசியைக் கேட்டேன்; இரண்டு வயதாகட்டும் என்றார்கள். கைக்குழந்தைக்கும் போடக்கூடிய புது ஊசி இருக்கிறதாமே? ஆனால் அதை ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுத்தான் சோதித்தார்கள், இங்கிலாந்தில் ஆட்களுக்குக் கிருமியையே குடிக்கக் கொடுத்தார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: அம்மா, அவர் சொன்ன இரண்டுமே நடந்ததுதான். ஆனால் பாதிக்கதைதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது.

நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியில் பெரும்பாலும் டைபாய்டு கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருள் மட்டும்தான் இருக்கும். பெரியவர்களின் உடம்பு அதை எதிரி என்று கண்டுகொள்ளும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடம்பு சரியாகக் கண்டுகொள்ளாது. போட்டாலும் பலன் இல்லை என்பதால்தான் பேரனுக்கு மறுத்தார்கள். புதிய கான்ஜுகேட் ஊசியில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். பலமுறை சோதிக்கப்பட்ட ஊசியில் அது டெட்டனஸ் புரதம். தெரிந்த ஆள் கைபிடித்து அழைத்து வந்தால் புது ஆளையும் பிள்ளை முகம் பார்க்கும் இல்லையா, அது மாதிரி. புரதத்தைக் கண்டு விழிக்கும் உடம்பு சர்க்கரையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது.

இங்கிலாந்து விஷயம் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது, முடிவு 2017இல் வெளிவந்தது. சம்மதித்து வந்த, ஆரோக்கியமான பெரியவர்கள் மட்டும்தான். ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து, வயிற்று அமிலத்தை அடக்க சோடா உப்புக் கரைசல் கொடுத்து, அப்புறம் கிருமியைக் குடிக்க வைத்தார்கள். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் தெரிந்ததும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். டைபாய்டு ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு நோய் வந்தது, கான்ஜுகேட் போட்டவர்களில் 35 பேருக்கு. பாதுகாப்பு 55 சதவீதம்தானா என்று தோன்றும். ரத்தத்தில் கிருமி தென்பட்டாலே, காய்ச்சல் இல்லாவிட்டாலும், அங்கே நோய் என்று கணக்கிட்டார்கள். நிஜ வாழ்க்கையில் போல, விடாத காய்ச்சலும் அதன்பின் ரத்தத்தில் கிருமியும் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் பாதுகாப்பு 87 சதவீதம்.

பிள்ளைகள் யாருக்கும் கிருமி கொடுக்கப்படவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். நேப்பாளத்தின் லலித்பூரில் ஒன்பது மாதம் முதல் 16 வயதுக்குட்பட்ட சுமார் 20,000 பிள்ளைகளில் பாதிப்பேருக்கு டைபாய்டு ஊசி; மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர் அல்ல, மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசி. எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. பிறகு காய்ச்சலோடு வந்த பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2019இல் வந்த முதல் முடிவில், டைபாய்டு ஊசி போட்டவர்களில் 7 பேருக்கும் மற்றவர்களில் 38 பேருக்கும் நோய் உறுதியானது. மலாவியில் 28,000 பிள்ளைகளிடமும் பாதுகாப்பு ஏறக்குறைய 80 சதவீதம். நான்கு வருடம் கழித்தும் அது பெரிதாகக் குறையவில்லை.

ஏழை நாட்டில் ஏன் என்றால், டைபாய்டு பிள்ளைகளைப் படுக்க வைக்கும் இடம் அதுதான். நோயே இல்லாத ஊரில் சோதித்தால் ஊசி காப்பாற்றுகிறதா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாய்மார்கள் தைரியமாகப் பிள்ளையின் கையை நீட்டியதால்தான் உங்கள் பேரனைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? டைபாய்டு அதிகம் உள்ள இடங்களில் ஆறு மாதம் முதல் 45 வயது வரை கான்ஜுகேட் ஊசியை ஒரே ஒருமுறை போடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. நம் மலேசிய அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் ஊசிப் பட்டியலில் டைபாய்டு இல்லை. அதனால் பேரனின் ஊசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், "கான்ஜுகேட் வகை இருக்கிறதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பகல் முழுக்கக் கடையில் வளரும் பிள்ளைக்கு அதைப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். உங்கள் வயதுக்கு இப்போது போடும் ஊசியையே தொடருங்கள்.

ஊசி போட்டாச்சு என்று கை கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நோய் குணமான சிலரின் பித்தப்பையில் கிருமி வருடக்கணக்கில் தங்கி, கை வழியாகச் சாப்பாட்டில் சேரலாம். ஊசி அதை வெளியேற்றாது. காசு வாங்கிய கையாலேயே சம்பல் பரிமாறாதீர்கள். குழாய்த் தண்ணீர் தடைப்பட்டு வேறு தண்ணீர் பிடிக்கும் நாளில் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள், ஐஸ் கட்டி செய்யும் தண்ணீர் உட்பட.

ஊசி போட்ட பிறகும் பேரனுக்கு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் பனடோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தோட்டப் பக்கத்தில் அது டிங்கியாகவும் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். டைபாய்டு சந்தேகம் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் வைடல் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.